எபிசோட் 34: பாப் டிலானுக்குப் பின்னால் நின்ற ஐந்து பேர்

இந்த எபிசோடை எடுத்ததுக்கு ஒரு சின்னக் காரணம் இருக்கு. காலேஜ் மூணாவது வருஷம் நான் ஒரு பேண்ட்ல பேஸ் கிட்டார் வாசிச்சேன். கல்ச்சுரல்ஸுக்கு ஒரு போஸ்டர் அடிச்சாங்க. பாடுறவன் முகம் முழுசா இருந்துச்சு, லீட் கிட்டார்காரன் முக்கால்வாசி இருந்தான், எனக்கு இடது தோள் மட்டும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அம்மாகிட்ட காட்டினேன். "இதுல நீ எங்கடா?"ன்னு கேட்டாங்க. தோளைக் காட்டினேன். அந்தத் தோள்காரங்களோட கதைதான் இன்னிக்கு.

1965 நவம்பர் கடைசி. பாப் டிலான் அமெரிக்காவின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. அவருக்கு டிரம்ஸ் வாசிக்கிற வேலை 25 வயது லீவான் ஹெல்முக்குக் கிடைத்திருக்கிறது. அந்த வேலைக்கு ஊர் முழுக்க டிரம்மர்கள் வரிசையில் நின்றிருப்பார்கள். ஆனால் லீவான் ஒரு ராத்திரி கிட்டார்காரர் ராபி ராபர்ட்சனிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். கொஞ்ச நாளில் மெக்சிகோ வளைகுடாவில், கடலுக்கு நடுவில், எண்ணெய் எடுக்கிற மேடையில் கூலி வேலை பார்த்தார்.

ஏன் போனார்? கூட்டம் ஊளையிட்டதால்னு பொதுவா சொல்லுவாங்க. அது சரிதான், ஆனா பாதிதான் சரி. மீதியைச் சொல்ல ஏழு வருஷம் பின்னாடி போகணும்.

லீவான் பருத்தி விவசாயி மகன். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய நிலத்தில், டர்க்கி ஸ்க்ராட்ச் என்கிற குக்கிராமம். பக்கத்து டவுன் ஹெலெனா. அங்கே கேஎஃப்எஃப்ஏ வானொலியில் 1941-லிருந்து ஒரு ப்ளூஸ் நிகழ்ச்சி, பெயர் கிங் பிஸ்கட் டைம். ஒரு மாவுக் கம்பெனியின் விளம்பரத்துக்காக ஆரம்பித்தது. சன்னி பாய் வில்லியம்சன் ஹார்மோனிகா வாசிப்பார். வயலில் வேலை செய்கிற கறுப்பின மக்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்பதற்காக அந்த நேரத்தில் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரப் பையன் லீவானும் கேட்டான். அந்தக் குழு வெளியே வாசிக்க வரும்போது, எல்லாரும் பாடுகிறவரைப் பார்க்க, இவன் டிரம்ஸ்காரரின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விவரம். பக்கவாத்தியத்துக்குப் போறவங்க எல்லாருமே முதல்ல இப்படித்தான், கண்ணு வேற எங்கேயோ இருக்கும்.

1958-ல் பள்ளிக்கூடம் முடிந்ததும் ரானி ஹாக்கின்ஸ் என்கிற ராக்கபில்லி பாடகரின் குழுவில் சேர்ந்தார். ஹாக்கின்ஸும் ஆர்கன்சாக்காரர்தான், ஆனால் அவருக்கு மவுசு கனடாவில். டொராண்டோவில் யாங் தெரு என்று ஒரு நீளமான தெரு, அதில் வரிசையாக மதுக்கூடங்கள். அங்கேதான் இவர்கள் பிழைப்பு. மற்ற அமெரிக்கப் பையன்கள் ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்ப, காலி இடங்களில் ஒன்டாரியோப் பையன்கள் வந்தார்கள். ராபி ராபர்ட்சன் 16 வயதில் வந்தார். ரிக் டாங்கோ இறைச்சிக் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்த பையன். ரிச்சர்ட் மானுவலின் குரலைக் கேட்டுவிட்டு ஹாக்கின்ஸ் அவரை இழுத்துக்கொண்டார்.

கடைசியாக வந்தவர் கார்த் ஹட்சன். முறையாக இசை படித்தவர். மதுக்கூடத்தில் ராக் அண்ட் ரோல் வாசிக்கப் போகிறேன் என்று வீட்டில் எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். குழுவின் இசை ஆசிரியர் என்று தனக்கு ஒரு பதவி. பாடம் சொல்லிக்கொடுப்பதற்காக ஒவ்வொருவரும் வாரம் 10 டாலர் தரணும். கூடவே ஒரு லவ்ரி ஆர்கனும் வாங்கித் தரணும். வீட்டுக்கு டீச்சர் வேலை, ராத்திரிக்கு மதுக்கூடம். இன்ஜினியரிங் சேர்ந்துட்டு அப்பாகிட்ட ஸ்டார்ட்அப்னு சொல்லிட்டு யூடியூப் சேனல் நடத்துற நண்பர்கள் சில பேரு எனக்கு ஞாபகம் வர்றாங்க. பேர் சொல்லல.

ஹாக்கின்ஸிடம் வேலை கடுமை. ராத்திரி வாசித்து முடித்து, கடை மூடின பிறகு, விடியும்வரை ஒத்திகை. கட்டுப்பாடு உண்டு, அபராதம் உண்டு. ஆனால் சில வருஷத்தில் அந்தப் பையன்கள் ஒருவர் மூச்சை வைத்தே இன்னொருவர் அடுத்து என்ன செய்வார் என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு வந்தார்கள். 1964 வாக்கில் ஹாக்கின்ஸை விட்டு வெளியே வந்தபோது குழுவுக்கு வைத்த பெயர் 'லீவான் அண்ட் தி ஹாக்ஸ்'. இதைக் குறிச்சு வச்சுக்கோங்க. டிரம்மர் பெயரில் குழு. அவர்தான் சீனியர், அவர்தான் தலைவர்.

இந்தத் தலைவருக்குத்தான் அடுத்த வருஷம் டிலானிடமிருந்து அழைப்பு வருகிறது.

டிலான் அப்போது ஒரு தகராறின் நடுவில் இருந்தார். ஒற்றைக் கிட்டாரும் ஹார்மோனிகாவுமாக ஃபோக் பாடி வந்தவர், 1965 ஜூலை 25 அன்று நியூபோர்ட் ஃபோக் விழாவில் மின்சாரக் கிட்டாரோடும் ப்ளூஸ்காரர்களோடும் மேடை ஏறினார். ஃபோக் ரசிகர்களில் ஒரு பகுதிக்கு அது மதம் மாறின மாதிரி. டிலானுடைய மேனேஜர் ஆல்பர்ட் கிராஸ்மன் அலுவலகத்தில் வேலை பார்த்த மேரி மார்ட்டின் டொராண்டோக்காரர். ஹாக்ஸைப் பற்றி அவர்தான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கோடையில் இவர்கள் நியூ ஜெர்சியில் ஒரு கடற்கரை ஊர் மதுக்கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் ராபர்ட்சனும் லீவானும் மட்டும் போனார்கள். ஆகஸ்ட் 28, நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் டென்னிஸ் அரங்கம், சுமார் 14,000 பேர். முதல் பாதி டிலான் தனியாகப் பாடினார், அமைதி, கைதட்டல். இடைவேளை. இரண்டாம் பாதியில் இவர்கள் ஏற, ஊளை ஆரம்பித்தது. சிலர் மேடைக்கே ஓடி வந்தார்கள். செப்டம்பர் 24-ல் டெக்சஸின் ஆஸ்டினில் ஐந்து பேரும் சேர்ந்து வாசித்தார்கள். அங்கே நல்ல வரவேற்பு. அதற்குப் பிறகு ஊர் ஊராக அதே கதை.

இதைப் பக்கவாத்தியக்காரர் பக்கம் நின்று யோசிச்சுப் பாருங்க. அரை மணி நேரத்துக்கு முன்னாடி அதே கூட்டம் அதே ஆளுக்குக் கைதட்டியது. நடுவில் மாறினது ஒரே ஒரு விஷயம், நீங்க. ஏழு வருஷம் மதுக்கூடங்களில் குடிகாரர்களைக்கூட ஆட வைத்தவர்கள் அவர்கள். ஜனங்களைச் சந்தோஷப்படுத்துவதுதான் அவர்களுக்குத் தெரிந்த தொழில்.

லீவானுக்கு இன்னொரு குடைச்சலும் இருந்தது. நேற்று வரை அவர் பெயரில் இருந்த குழு இப்போது இன்னொருத்தரின் பின்னணிக் குழு. இன்னொருவருக்குப் பின்னால் வாசிப்பதற்காக இத்தனை வருஷம் உழைக்கவில்லை என்பது அவர் கணக்கு. 1993-ல் வந்த தன் சுயசரிதையில் ஊளையிடலால் வெறுத்துப் போனதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் எனக்கென்னவோ, சொந்தப் பேர்ல குழு இல்லாமலே இருந்திருந்தா அவர் அந்த ஊளையைத் தாங்கியிருப்பார்னு தோணுது. இது என் ஊகம்.

மற்ற நாலு பேர் தங்கினார்கள். 1966 வசந்தத்தில் உலகச் சுற்றுப்பயணம், டிரம்ஸுக்கு மிக்கி ஜோன்ஸ். ஆஸ்திரேலியா, ஸ்வீடன், டென்மார்க், அயர்லாந்து, பிரிட்டன், பிரான்ஸ். பிரிட்டனில் ஊளைக்குப் பதில் இன்னும் மோசமான ஒன்று கற்றுக்கொண்டிருந்தார்கள். மெதுவாக, ஒரே தாளத்தில், எல்லாரும் சேர்ந்து கைதட்டுவது. பாட்டு ஆரம்பிக்கவே முடியாது. மே 17 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் கூட்டத்திலிருந்து ஒருவர் "யூதாஸ்!" என்று கத்தினார். டிலான் திரும்பிக் குழுவிடம் சத்தமாக வாசிக்கச் சொன்னார், நடுவில் ஒரு கெட்ட வார்த்தையோடு. அந்த ஒலிப்பதிவு பல வருஷம் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்று தப்பான பெயரில் திருட்டுத்தட்டாகச் சுற்றி, 1998-ல்தான் முறையாக வெளிவந்தது. ஹெட்ஃபோன்ல கேளுங்க. அந்த ஒரு வார்த்தையைத்தான் எல்லாரும் தேடுவாங்க. நீங்க அதுக்கு அப்புறம் டிரம்ஸ் விழுற முதல் அடியையும், கார்த்தோட ஆர்கனையும் கேளுங்க.

ஒரு தொழில்நுட்ப விஷயம் சொல்லணும், ஏன்னா நான் அப்படிப்பட்ட ஆளு. இன்னிக்கு மேடையில வாசிக்கிறவங்க முன்னாடி மானிட்டர் ஸ்பீக்கர் இருக்கும், இல்லன்னா காதுக்குள்ள இயர்பீஸ். 1966-ல் அதெல்லாம் கிடையாது. பாடுறவர் என்ன பாடுறார்னே பின்னால் இருக்கிறவருக்குச் சரியாகக் கேட்காது. டிலானோ ஒரே பாட்டை இரண்டு நாள் ஒரே மாதிரி பாட மாட்டார். கூட்டத்தின் சத்தம் வேறு. அதனால் ராத்திரி ஹோட்டல் அறைக்கு வந்ததும் அன்றைய டேப்பைப் போட்டுக் கேட்பார்களாம். நாம் அவ்வளவு மோசமாகவா வாசிக்கிறோம்? டேப்பில் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் திரும்ப அதே ஊளை. தன் வேலை சரியா தப்பான்னு சொல்ல அவங்களுக்கு இருந்த ஒரே சாட்சி அந்த டேப்.

ஜூலை 29-ல் டிலானுக்கு மோட்டார்சைக்கிள் விபத்து, பயணமெல்லாம் ரத்து. ஆனால் குழுவுக்குப் பணம் கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை. 1967-ல் டாங்கோ, மானுவல், ஹட்சன் மூவரும் உட்ஸ்டாக் பக்கத்தில் வெஸ்ட் சாகர்டீஸில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். சுவரெல்லாம் இளஞ்சிவப்பு, அதனால் பெயர் பிக் பிங்க். கீழ்த்தளம் சிமெண்ட் சுவரும் கணப்பு உலையுமாக, ஒலிப்பதிவுக்கு ஆகவே ஆகாத இடம். அங்கேதான் அந்த வருஷம் டிலானும் இவர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளை விளையாட்டாகப் பதிவு செய்தார்கள். டேப் மெஷினைப் பார்த்துக்கொண்டது கார்த்.

ஒருநாள் டிலான் டைப் அடித்த ஒரு தாளோடு கீழே இறங்கி வந்து மானுவலிடம், இதற்கு மெட்டு இருக்கா என்று கேட்டாராம். மானுவல் பியானோவில் உட்கார்ந்து போட்டார். அந்தப் பாட்டு 'டியர்ஸ் ஆஃப் ரேஜ்'. எழுதியவர்கள் டிலான், மானுவல் என்று இரண்டு பெயர். டாங்கோவோடு சேர்ந்த இன்னொரு பாட்டிலும் அப்படியே இரண்டு பெயர். முதலாளி டிலான், சம்பளத்துக்கு வாசிக்கிறவர்கள் இவர்கள். இருந்தும் பங்கு கொடுத்தார். இதையும் குறிச்சு வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப வருவோம்.

கேபிடல் கம்பெனியோடு தட்டு ஒப்பந்தம் வந்ததும் டாங்கோ லீவானுக்குப் போன் போட்டார். இரண்டு வருஷம் கழித்து லீவான் திரும்பி வந்தார். அவர் இல்லாத நேரத்தில் மானுவல் டிரம்ஸ் வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். சண்டை வரும்னு நினைப்பீங்க. வரல. பின்னாளில் 'ராக் மாமா ராக்' பாட்டில் மானுவல் டிரம்ஸ் வாசிக்க, லீவான் மாண்டலின் எடுத்தார், டாங்கோ ஃபிடில், கார்த் பியானோ. வருஷக்கணக்காகப் பின்னால் நின்றவர்கள் என்பதால் யாருக்கும் தன் இடம் என்று பிடிவாதம் இல்லை.

ஒப்பந்தத்தில் குழுவின் பெயர் 'தி கிராக்கர்ஸ்'. ஏழை வெள்ளைக்காரனைக் குத்துகிற சொல். கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. உட்ஸ்டாக் ஊரில் இவர்களை எல்லாரும் சும்மா 'அந்த பேண்ட்' என்றுதான் சொல்வார்கள், டிலானோட பேண்ட் என்கிற அர்த்தத்தில். அதுவே நிலைத்தது. தி பேண்ட். உலகத்திலேயே திமிரான பெயர்னு சிலர் சொல்லுவாங்க. எனக்கு அது வேலைக்காரன் பெயராத்தான் படுது.

1968 ஜூலையில் முதல் தட்டு, 'மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்'. அட்டையில் டிலான் வரைந்த ஓவியம். உள்ளே ஒரு படம் உண்டு. ஒன்டாரியோவில் ஒரு பண்ணையில் அம்மா, அப்பா, சித்தப்பா, குழந்தைகள் எல்லாரோடும் நிற்கிறார்கள். வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறுவதுதான் ராக் என்றிருந்த நேரத்தில் இது! தூரத்திலிருந்த லீவானின் பெற்றோர் படத்தை மட்டும் தனியாக மூலையில் ஒட்டியிருந்தார்கள். என் போஸ்டரை டிசைன் பண்ணவர் இதைப் பார்த்திருக்கலாம்.

அடுத்த வருஷம் இரண்டாவது தட்டு. 1970 ஜனவரியில் டைம் இதழின் அட்டையில் இவர்கள். இங்கேதான் கதை கசக்க ஆரம்பிக்கிறது.

அந்த இரண்டாவது தட்டில் 12 பாட்டு. 12-லும் எழுதியவர் ராபர்ட்சன். மூன்றில் மானுவலோடு சேர்ந்து, ஒன்றில் லீவானோடு சேர்ந்து. மீதி எட்டும் அவர் பெயர் மட்டும். அதில் ஒன்று 'தி நைட் தே ட்ரோவ் ஓல்ட் டிக்ஸி டவுன்'. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்கின் ஏழை விவசாயி ஒருவன் பேசுகிற பாட்டு. பாடியது லீவான், ஏனென்றால் ஐந்து பேரில் தெற்கத்திக்காரர் அவர் ஒருத்தர்தான். எழுதிய ராபர்ட்சன் டொராண்டோக்காரர். அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள அவரை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான் என்று லீவான் எழுதியிருக்கிறார். முதல் தட்டில் இருந்த 'தி வெயிட்' பாட்டில் வரும் ஒரு பெண்ணின் பெயர், தன் ஊர்ச் சினேகிதியின் பெயர் என்றும் சொல்லியிருக்கிறார்.

பெயர் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று கேட்கலாம். பணக் கணக்கைப் பார்ப்போம். 1971-ல் ஜோன் பேயஸ் அந்த டிக்ஸி பாட்டைத் திரும்பப் பாடி, அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. அந்தக் காலத்துச் சட்டப்படி விற்கிற ஒவ்வொரு தட்டுக்கும் பாட்டுக்கு 2 சென்ட், எழுதியவருக்கும் பப்ளிஷருக்கும். 1909-ல் போட்ட விகிதம், 1977 கடைசி வரை மாறவே இல்லை. ஒரு பேச்சுக்கு 10 லட்சம் தட்டு என்றால் 20,000 டாலர். அதை முதலில் பாடி உயிர் கொடுத்த லீவானுக்கு அதில் எதுவும் இல்லை. அதோடு அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவர் தரப்புக்குத்தான் பணம். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கிடையாது, இன்றைக்கும். குழு கலைந்த பிறகும் எழுதியவருக்கு வருமானம் வந்துகொண்டே இருக்கும். வாசித்தவர் சாப்பிடணும்னா திரும்ப வண்டி ஏறணும்.

சரி, பாட்டு 'எழுதுறது'ன்னா என்ன? எங்க வேலையில ஒரு ஃபைலைத் திறந்து 'கிட் பிளேம்' அடிச்சா ஒவ்வொரு வரிக்கும் யார் எழுதினதுன்னு பேர் வரும். ஆனா அந்த வரி ஏன் அப்படி வந்துச்சுன்னு டீக்கடையில பேசித் தீர்த்த ஆளோட பேர் எந்த வரியிலயும் இருக்காது. பாட்டுக்கும் அதே நிலைமை. வரியும் மெட்டும்தான் எழுத்து என்று கணக்கு. டிரம்ஸ் நடை, பேஸ் கோர்வை, ஆர்கன் நிரவல் எல்லாம் 'ஏற்பாடு'. விதிவிலக்கு உண்டு. 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' 1967-ல் வந்த ஆங்கிலப் பாட்டு. அதில் ஆர்கன் வாசித்த மேத்யூ ஃபிஷர் வழக்குப் போட்டு, 2009-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரைக்கும் போய், 40 சதவீதப் பங்கு வாங்கினார். பாட்டு வந்து 42 வருஷம் கழித்து.

ராபர்ட்சன் பக்கமும் நியாயம் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நான் ரசிகனா மட்டும்தான் பேசுறேன்னு அர்த்தம். மற்றவர்கள் குடியிலும் போதையிலும் காரை மரத்தில் மோதுவதிலும் நாளைக் கழிக்க, தினமும் உட்கார்ந்து எழுதியது அவர். மானுவல் நாலாவது தட்டிலிருந்து எழுதுவதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். யாரும் எழுதாவிட்டால் தட்டு எப்படி வரும்? ஆனாலும் அந்தக் கீழ்த்தளத்தில் டிலான் செய்ததை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தால், எனக்கு லீவான் பக்கம்தான் சாய்கிறது. அவர் கேட்டது எல்லாப் பாட்டிலும் சரிபாதி இல்ல. ஒரே அறையில் ஐந்து பேர் சேர்ந்து செய்ததை ஒருத்தர் செய்ததாகக் காகிதம் சொல்கிறதே என்பதுதான் அவர் கோபம்.

1976 நவம்பர் 25, சான் ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் கடைசிக் கச்சேரி, 'தி லாஸ்ட் வால்ட்ஸ்'. சுமார் 5,000 பேருக்கு வான்கோழி விருந்தோடு. படம் எடுத்தது மார்ட்டின் ஸ்கார்செஸி. ப்ளூஸ் மேதை மடி வாட்டர்ஸை நேரப் பற்றாக்குறையால் விட்டுவிடலாம் என்று பேச்சு வந்தபோது, அவர் வராவிட்டால் நானும் இல்லை என்று லீவான் சண்டை போட்டதாக எழுதியிருக்கிறார். மடி வந்து பாடும்போது மற்ற கேமராக்களெல்லாம் ஃபிலிம் மாற்ற நின்றுவிட்டன. ஒரே ஒரு கேமரா மட்டும் ஓடியது. அந்த ஒற்றைக் கோணம்தான் படத்தில் இருக்கிறது, படத்தின் உச்சமும் அதுதான். மற்றபடி படம் முழுக்க ராபர்ட்சன் முகமாகவே இருக்கிறது என்பது லீவானின் தீராத புகார். அன்று ராத்திரி பாடியதோடு சரி, டிக்ஸி பாட்டை லீவான் திரும்பப் பாடவே இல்லை.

ராபர்ட்சன் இல்லாமல் 1983-ல் மற்றவர்கள் மறுபடி கூடினார்கள். இடங்கள் சின்னதாகிக்கொண்டே போயின. 1986 மார்ச்சில் ஃபுளோரிடாவில் ஒரு நிகழ்ச்சி முடிந்த ராத்திரி, விடுதி அறையில் மானுவல் உயிரை மாய்த்துக்கொண்டார். 42 வயது. டாங்கோ 1999-ல் போனார். லீவானுக்கு 1998-ல் தொண்டைப் புற்றுநோய், குரல் போய்விட்டது, மருத்துவக் கடன் வேறு. வீட்டைக் காப்பாற்ற 2004-லிருந்து உட்ஸ்டாக்கில் தன் வீட்டை ஒட்டிய மரக் கொட்டகையிலேயே கச்சேரி நடத்தினார், பெயர் மிட்நைட் ராம்பிள். ஆரம்பத்தில் டிரம்ஸ் மட்டும், பிறகு குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. 2007-ல் வந்த 'டர்ட் ஃபார்மர்' கிராமி வாங்கியது.

2012 ஏப்ரலில் லீவான் நியூயார்க் மருத்துவமனையில் கடைசிக் கட்டத்தில் இருந்தபோது ராபர்ட்சன் போய்ப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏப்ரல் 19-ல் லீவான் இறந்தார். ராபர்ட்சன் 2023-ல். எல்லாரையும் விட மூத்தவரான, வாரம் 10 டாலர் வாங்கிய கார்த் ஹட்சன் கடைசியாக 2025 ஜனவரி 21 அன்று, 87 வயதில்.

என் பேஸ் கிட்டார் இப்போ சென்னையில என் ரூம்ல அலமாரிக்கு மேல இருக்கு. ரெண்டு கம்பி அறுந்திருக்கு. ஸ்க்ரிப்ட் எழுதி முடிச்ச அன்னிக்கு அந்தப் பாடகன் நண்பனுக்குப் போன் பண்ணேன், நாங்க சேர்ந்து போட்ட ஒரே ஒரு சொந்தப் பாட்டு அவன் பேர்ல மட்டும் ஆன்லைன்ல இருக்குன்னு சொன்னேன். "டேய், உன் பேர் போடலையா?"ன்னு அவனே அதிர்ச்சியானான். மாத்தறேன்னு சொல்லியிருக்கான். நேத்து ராத்திரி பார்த்தேன், இன்னும் மாத்தல.